பெரட்டுக்குப் போகிறவருக்கு எத்தனை மணிக்கு அப்பொயின்ட்மென்ட்? மலையகத்தில் உளநலப் பணிக்கு வருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளைப் பக்கம் உளவளத்துணையாளராகவோ, மனநலப் பிரிவில் தாதியாகவோ, சமூகப் பணியாளராகவோ புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சி வகுப்புகளில் பண்பாட்டுப் புரிதல் என்று ஒரு பாடம் வரும். இந்துக்கள் இப்படி, முஸ்லிம்கள் இப்படி, பௌத்தர்கள் இப்படி என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தால் முதல் வாரமே தடுமாற வேண்டியதுதான். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மனதில் அந்த நேரம் சடங்கோ சம்பிரதாயமோ ஓடாது. "இங்க வந்ததுல இன்னைக்குப் பேரு போச்சே" என்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். பறித்த தேயிலைக் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். இது தெரியாதவருக்கு மாரியம்மன் திருவிழாவைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தாலும் பயன் குறைவுதான்.

1998இல் மெலனி டெர்வலன், ஜேன் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இன்னொருவருடைய பண்பாட்டை முழுக்கக் கற்றுத் தேர்ந்துவிட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. பணிவோடு கேட்டுக்கொண்டே இருப்பதும், தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும்தான் வழி என்றார்கள். கீழே வரும் படிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தவைதான்.

படி 1: வேலைக்கு வருமுன் வரலாற்றைப் படியுங்கள்

1820களில் தொடங்கி தென்னிந்தியாவில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் மலையகத் தமிழர்கள். இது எல்லோருக்கும் தெரியும். உளநலப் பணிக்கு வருகிறவர் கூடுதலாகப் பார்க்க வேண்டியது கடதாசியின் கதையை. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு இவர்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று உடைந்த குடும்பங்கள் ஏராளம். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்தக் கதை உங்கள் அறைக்குள்ளும் வரும். சம்மதப் படிவத்தை நீட்டி "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றதும் வயதான ஒருவர் முகம் மாறினால், அதை உடனே சந்தேக நோய் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். தான் ஒப்பமிட்ட ஒரு தாளால் எந்த நாட்டுக்காரன் என்பதே மாறிப்போனதைப் பார்த்த தலைமுறை அது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இன்றைக்கும் அலைகிற குடும்பங்கள் இருக்கின்றன. படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். அது எந்த அலுமாரிக்குள் போகும், யார் பார்ப்பார்கள், யார் பார்க்க முடியாது என்று சொல்லுங்கள். அப்புறம் பேனாவைக் கொடுங்கள்.

1977, 1981, 1983 வன்முறைகளில் தோட்டங்களும் தாக்கப்பட்டன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அவர்களில் சில குடும்பங்கள் பிறகு போரிலும் சிக்கின. வாழ்க்கைக் கதை கேட்கும்போது "எப்பவாவது இடம் மாறி இருந்தீங்களா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் பேசாத விஷயங்கள் அந்தக் கேள்விக்கு வெளியே வரும்.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் கசப்பானது. யாழ்ப்பாணத்தில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வருகிற தமிழர் எவரும் "தோட்டக்காட்டான்" என்ற இழிசொல் காதில் விழாமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். நானும் தமிழ், அவரும் தமிழ், இதில் என்ன வித்தியாசம் என்று நினைக்கலாம். எதிரில் இருப்பவர் உங்கள் பேச்சுவழக்கைக் கேட்ட முதல் வாக்கியத்திலேயே நீங்கள் எந்த ஊர் என்று கணக்குப் போட்டுவிடுவார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து பல்கலைக்கழகம் போய்த் திரும்பி வந்தவருக்கும் விலக்கு இல்லை. "இவங்க திருந்தவே மாட்டாங்க" என்ற சலிப்பு அவர்களிடம்தான் சில நேரம் அதிகம். சலிப்பு வருகிற நாளில் அதை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். நோயாளியிடம் காட்டாதீர்கள்.

படி 2: நேரத்தையும் இடத்தையும் சரிசெய்யுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் அதிகம் உழைக்க வேண்டிய படி இதுதான்.

காலையில் பெரட்டு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் ஆளெடுப்பு. அதற்கு முன் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விடுவது. அப்புறம் மலையில் கொழுந்து பறிப்பது. மத்தியானம் கொழுந்து மடுவத்தில் நிறுவை. சாயங்காலம் திரும்பி வந்தால் பீலியில் தண்ணீர், விறகு, மறுபடி சமையல். இப்படி ஓடுகிறவருக்கு "புதன்கிழமை காலை 10 மணி" என்று எழுதிக் கொடுத்தால் அவர் வரமாட்டார். வராதவரைப் பற்றி கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிடுவோம். அடுத்து பார்க்கிற வைத்தியரும் அதை வாசித்துவிட்டு அப்படியே நம்புவார்.

செய்யக்கூடியது என்ன? கிளினிக் நாளை மாற்ற உங்களால் முடியாமல் இருக்கலாம். ஆனால் மருந்து எடுக்க வருகிற அதே நாளில் உங்கள் சந்திப்பையும் வைக்கலாம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் நாளோடு சேர்க்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறையாவது திறந்து வைக்கலாம். ஞாயிறிலும் சிலர் கைக்காசு வேலைக்குப் போவார்கள், அதனால் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் சந்திப்புகளைத் தள்ளிப் போட்டு, தொலைபேசியில் கொஞ்சம் பேசலாம். பஸ் காசு எவ்வளவு, முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டுமா என்பதையும் முதல் நாளே கேளுங்கள்.

அடுத்தது இடம். பழைய லயத்து அறை ஒன்று பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது நல்ல சேவை என்று பாடத்தில் சொல்வார்கள். ஆனால் அறிமுகமில்லாத ஒருவர் பைலோடு ஒரு வீட்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்தால் மாலைக்குள் மேட்டு லயம், பணிய லயம் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விடும். "என்ன, அவ வீட்டுக்கு மென்டல் மிஸ் வந்தாங்களாமே." வீட்டுக்குப் போகத்தான் வேண்டுமென்றால் குடும்பநல மாதுவோடு சேர்ந்து, அந்த வரிசையில் நாலு வீட்டுக்கும் போகிறவர் மாதிரி போங்கள். பள்ளிக்கூடத்தில் ஆளில்லாத ஒரு வகுப்பறை, கோயில் மடம், சனசமூக நிலையம், டிஸ்பென்சரியின் பின்னறை இவற்றில் எது தோது என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்கிற இடம் உங்களுக்கு விசித்திரமாகப் பட்டாலும் அவருக்குக் காரணம் இருக்கும்.

கடிதம் அனுப்பாதீர்கள். பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது, தபால் தோட்டத்து ஒப்பீசு வழியாகத்தான் வரும். வைத்தியசாலை முத்திரை குத்திய உறை எத்தனை கை மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: முதல் பத்து நிமிடம்

எழுந்து நின்று வரவேற்று உட்காரச் சொல்லுங்கள். சிலர் நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள், சிலர் நின்றுகொண்டே பேசுவார்கள். தோட்டத்து நிர்வாகியான துரை, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முன்னால் நின்று பழகிய உடம்பு அது. நீங்கள் மேசைக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாலே பாதி இறுக்கம் குறையும்.

வயதில் மூத்தவரை அம்மா, ஐயா என்றும், கொஞ்சம் மூத்தவரை அக்கா, அண்ணே என்றும் கூப்பிடலாம். எல்லோரையும் நீங்க என்றே பேசுங்கள், பதினாறு வயதுப் பிள்ளையையும்கூட. அவர்கள் உங்களை மிஸ், சேர் என்பார்கள். "பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று வற்புறுத்தினால் அவர்களுக்குத்தான் சங்கடம், விட்டுவிடுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்பது சகஜம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "நீங்க என்ன ஆளுங்க" என்று சுற்றிவளைத்துச் சாதியைத் துழாவும் கேள்விக்கு இந்த அறையில் வேலை இல்லை. சாதிதான் பிரச்சினையின் வேர் என்றால், காதல் திருமண விவகாரங்களில் பெரும்பாலும் அப்படித்தான், அதை அவரே கொண்டுவருவார்.

இரகசியம் காப்போம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பெயர் சொல்லாமல் பதவி சொல்லி வாக்குக் கொடுங்கள்: "நீங்க சொல்றத தொரைகிட்ட சொல்ல மாட்டோம். கணக்கப்பிள்ளைகிட்டயும் தலைவர்கிட்டயும் சொல்ல மாட்டோம். உங்க வீட்டுக்காரரு வந்து கேட்டாலும் உங்ககிட்ட கேக்காம சொல்ல மாட்டோம். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் டொக்டர்கிட்ட சொல்லுவோம்." தலைவர் என்றால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். உதவி செய்கிறவரும் அவர்தான், ஊர் முழுக்கத் தெரிந்தவரும் அவர்தான்.

நீங்கள் சொல்வதற்கெல்லாம் "சரிங்க மிஸ்" என்று தலையாட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அது மரியாதை. சம்மதமா என்று தெரிய, "வீட்டுக்குப் போய் இதைப் பத்தி அக்காகிட்ட எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

படி 4: நோவு எங்கே என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்

"மனசுல என்ன கஷ்டம்?" என்று தொடங்கினால் "ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். தலையிடி, நெஞ்சு அடைப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், கை கால் ஓய்ச்சல், தூக்கமின்மை, வயிற்றுக்குள் ஏதோ பிசைவது: துன்பம் இந்த வாசல் வழியாகத்தான் முதலில் வரும். "யோசனை கூடிப்போச்சு" என்று ஒருவர் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரவெல்லாம் ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வருகிறது என்பதைத்தான் சொல்கிறார்.

உடம்பு நோவை உடம்பு நோவாகவே முதலில் மதியுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம் இவற்றைப் பார்த்தார்களா? களைப்பும் மயக்கமுமாக வருகிற பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் மனச்சோர்வு என்று எழுதுவது பண்பாடு தெரியாத குறை மட்டும் இல்லை, மருத்துவக் குறையும்கூட.

அதன்பின் அவருடைய விளக்கத்தைக் கேளுங்கள். ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மானிடவியலும் படித்தவர், 1970களின் இறுதியில் இதற்கென்று சில கேள்விகளைத் தொகுத்தார். உலகம் முழுக்க இன்றும் பயன்படுகின்றன. அவற்றை நம்ம பேச்சுக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இதுக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீங்க?"
"எதனால வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? வீட்டுல மத்தவங்க என்ன சொல்றாங்க?"
"ஏன் அந்த நேரத்துல ஆரம்பிச்சுச்சு? அப்ப வீட்டுல என்ன நடந்துச்சு?"
"இதனால எந்த வேலை செய்ய முடியாமப் போச்சு?"
"இதுவரைக்கும் யார் யாருகிட்ட காட்டினீங்க? எது கொஞ்சம் சுகம் குடுத்துச்சு?"
"இதுல உங்களுக்கு ரொம்பப் பயம் எது?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "எம் மக கல்யாணம் நின்னுபோயிரும்" என்று பதில் வந்தால் சிகிச்சைத் திட்டமே வேறு மாதிரி போக வேண்டும்.

படி 5: சாமி, பேய், செய்வினை

காத்து கருப்பு பட்டது, முனி அடித்தது, கண்ணூறு, செய்வினை என்று குடும்பம் சொல்லும். பெரும்பாலும் உங்களிடம் வருமுன் பூசாரியிடமோ குறி சொல்லும் கோடாங்கியிடமோ போயிருப்பார்கள், கையில் நூலும் கழுத்தில் தாயத்தும் இருக்கும். சிரிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், நம்புகிற மாதிரி நடிக்கவும் வேண்டாம். என்ன செய்தார்கள், எவ்வளவு செலவானது, அதன்பின் எப்படி இருந்தது என்று மற்ற வைத்தியத்தைக் கேட்பது போலவே கேளுங்கள்.

தோட்டத்துக் கோயிலில் கரகம் எடுக்கும்போது ஒருவருக்குச் சாமி வருவதும், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோதை முனிக்குப் பூசை போடுவதும், கவ்வாத்துக்கு (தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு) முன் சாமி கும்பிடுவதும் நோய் இல்லை. திருவிழாவில் வந்து, முடிந்ததும் போய், மறுநாள் அவர் மலைக்குப் போனால் அதில் நமக்கு வேலை கிடையாது. நேரம் காலம் இல்லாமல் வருகிறது, அவருக்கே வேதனையாக இருக்கிறது, ஊராரே "இது சாமி மாதிரி தெரியலையே" என்கிறார்கள் என்றால் பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் வலிப்பு, காய்ச்சல், சர்க்கரை இறங்குவது, குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வரும் பிதற்றல், பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனநோய் இவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பிரசவமான சில நாட்களில் ஒரு பெண் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, பிள்ளையைப் பற்றி விபரீதமாகச் சொன்னால் அன்றே வைத்தியசாலை. பூசை பிறகு.

எல்லை எங்கே? அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, புகை போட்டு மூச்சுத் திணற வைப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது. இவை நடந்தால் தெளிவாக மறுக்க வேண்டும். மற்றபடி "நூலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்" என்றால் குடும்பம் உங்களோடு நிற்கும். பூசாரியோடு பகைத்துக்கொண்டால் நீங்கள்தான் தோற்பீர்கள், அவர் அந்த ஊரிலேயே இருக்கிறவர். "தூக்கம் வராம தனக்குத் தானே பேசுறவங்க வந்தா எங்ககிட்டயும் அனுப்பிவிடுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் அனுப்பக்கூடியவர்களும் இருக்கிறார்கள்.

படி 6: கேள்வித்தாளை வாழ்க்கையோடு பொருத்துங்கள்

மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 பரவலாகப் பயன்படுகிறது. 9 கேள்விகள், 0 முதல் 27 வரை புள்ளி, 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். தாளைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகாதீர்கள். வாசித்துக் காட்டுங்கள். கேள்வியின் பொருளை மாற்றாமல், "கடந்த இரண்டு வாரம்" என்பதை மட்டும் ஒரு நாளோடு கட்டுங்கள்: போன சம்பளத்துக்குப் பிறகா, முன்னாலா? கோயில் தேர் முடிந்த பிறகா?

புள்ளிகளுக்குப் பக்கத்தில், அவருடைய நாளில் இருந்து எடுத்த சில கேள்விகளையும் கேளுங்கள். முன்பு எத்தனை கிலோ எடுத்தீர்கள், இப்போது எத்தனை? எத்தனை நாள் பெரட்டுக்குப் போகவில்லை? கொழுந்து பறிக்கும் நிரையில் பக்கத்து ஆளோடு பேசுகிறீர்களா, தனியாகப் போய் நிற்கிறீர்களா? சாயங்காலம் அடுப்பு மூட்டினீர்களா? 18 கிலோ எடுத்தவர் 9 கிலோவுக்கு வந்துவிட்டார் என்றால் அந்த இறக்கம் எந்தப் புள்ளிக்கும் குறையாத சாட்சி. அடுத்த மாதம் தேறுகிறாரா என்றும் அதைக் கொண்டே பார்க்கலாம். காலநிலையாலும் கொழுந்து குறையும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: உயிர் ஆபத்தை நேராகக் கேளுங்கள்

இலங்கையில் தற்கொலை வீதம் 1995 வாக்கில் உச்சத்தில் இருந்தது, 100,000 பேருக்கு 47 என்ற அளவு. அதன்பின் கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதும் வெகுவாகக் குறைந்தது. ஆபத்தான பொருளைக் கைக்கு எட்டாமல் வைப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு நம் நாடே சாட்சி. நுவரெலியா மரக்கறித் தோட்டக்காரர் வீடு என்றால் பூச்சி மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது வழமையான கேள்வியாக இருக்க வேண்டும். பூட்டி வைக்க முடியுமா, சாவி யாரிடம், கொஞ்ச நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்றலாமா? வீட்டில் சேர்ந்துபோன மாத்திரைகளையும் கேளுங்கள்.

கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். "இவ்வளவு கஷ்டத்துல செத்துப் போயிரலாம்னு தோணுச்சா?" என்று மெதுவாக, நேராகக் கேளுங்கள். "தோணுச்சுங்க, ஆனா புள்ளைங்க இருக்கே" என்றால் அந்தப் பிள்ளைகளைப் பற்றியே பேசவிடுங்கள். சண்டை நடந்த இரவு, குடித்திருந்த நேரம் என்று திடீர்க் கோபத்தில் நடப்பவையும் நிறைய. அதனால் "திட்டம் எதுவும் இல்லை" என்ற பதிலை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

பொலிசுக்குப் பயந்து பலர் மறைப்பார்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றம் இல்லை என்பதைச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 1333 இலவச ஆலோசனை இலக்கம். இவற்றைச் சீட்டில் எழுதாமல் அவருடைய தொலைபேசியில், அவர் சொல்கிற பெயரில் பதிந்து கொடுங்கள்.

படி 8: குடும்பம், குடி, அடி

இங்கே முடிவுகள் குடும்பமாக எடுக்கப்படும். மாமியார், அண்ணன், கணவர் யாரையும் ஒதுக்கிவிட்டு சிகிச்சை நடக்காது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பகுதியாவது அவரைத் தனியாகப் பாருங்கள். "இது எல்லாருக்கும் செய்ற வழக்கம்" என்று சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் கொழும்பில், பிள்ளைகள் பாட்டியிடம் என்ற வீடுகளில், பள்ளிக்கூடம் அனுப்பிய பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்பதை முதலில் தெளிவாக்குங்கள். வாட்ஸ்அப் அழைப்பில் தாயையும் சேர்த்துக்கொள்ளலாம். நேர வித்தியாசத்தைவிட அங்கே அந்தத் தாய் எப்போது தனியாக இருப்பார் என்பதுதான் பெரிய கேள்வி.

குடியைப் பற்றிக் கணவரிடம் பேசும்போது பிரசங்கம் வேண்டாம். எப்போது குடிக்கிறார், சம்பள நாளிலா தினமுமா, சாராயமா, கசிப்பா (கள்ளச்சாராயமா), நிறுத்தினால் கை நடுங்குகிறதா? நடுங்குகிறவரை "நாளையில் இருந்து நிப்பாட்டுங்க" என்று வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து, வைத்தியர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அடி விழுகிற வீட்டில் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்து சமாதானம் பேசாதீர்கள், அன்றிரவு அதற்கும் சேர்த்து அடி விழும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கான 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கங்கள் உண்டு. போவதா, இருப்பதா என்ற முடிவை அவரே எடுக்கட்டும். லயத்து அறை யாருடைய பேரில் இருக்கிறது, வேலையை விட்டால் வீடும் போய்விடுமா என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 9: ஆலோசனை மலைக்குப் பொருந்துகிறதா?

நாள் முழுக்க மேட்டில் ஏறி இறங்குகிற பெண்ணிடம் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொன்னவர்கள் உண்டு. "உங்களுக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்குங்க" என்பதும் அதே ரகம். எந்த நேரம்?

உற்சாகம் தருகிற காரியங்களை மெல்லத் திரும்பச் செய்ய வைப்பது மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை. அதை இங்கே இருப்பவற்றில் இருந்து எடுங்கள். மலைக்குப் போகும்போது பேச்சுத்துணைக்கு ஒரு ஆள், வெள்ளிக்கிழமை கோயில், வீட்டு முன்னால் நாலு செடி, தப்பு என்ற பறையை அடித்துக்கொண்டிருந்தவர் மறுபடி தப்பைக் கையில் எடுப்பது, காமன் கூத்துக்கு ஒத்திகை பார்க்கப் போவது. மூச்சுப் பயிற்சியையும் கண்ணை மூடி உட்கார வேண்டிய அவசியமில்லாமல், நிரையில் நின்றபடி செய்கிற மாதிரி சொல்லிக்கொடுக்கலாம்.

மண்சரிவில் தப்பியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாமல் கருமாதி எப்படிச் செய்வது, செய்யாவிட்டால் ஆத்மா அலையாதா என்ற கேள்வி துக்கத்தைப் பூட்டி வைக்கும். அதற்கு ஐயரோ பூசாரியோ பெரியவர்களோ ஒரு வழி சொன்னால் உங்கள் பத்து அமர்வுகளுக்குச் சமம். மழை பெய்தால் தூங்க முடியவில்லை என்று வருகிறவருக்கு மனதைத் தளர்த்தும் பயிற்சி சொல்லிக்கொடுக்குமுன், அவர் இன்னும் எந்த இடத்தில் குடியிருக்கிறார், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தை ஆபத்து வலயமாகக் குறித்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆபத்து உண்மையாக இருந்தால் அவருடைய பயம் சரியான பயம். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் அன்றைய சிகிச்சை.

படி 10: மற்ற சமூகத்தவர் வரும்போது

கம்பளை, அக்குறணை, ஹட்டன் டவுனில் இருந்து முஸ்லிம்கள் வருவார்கள், பக்கத்துக் கிராமங்களில் இருந்து சிங்களவர்கள் வருவார்கள், தோட்டத்திலேயே பெந்தகோஸ்தே சபைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவரவரிடம் கேட்டு அறியுங்கள் என்பதே இங்கேயும் முதல் விதி. தெரிந்திருந்தால் உதவுகிற சில விஷயங்கள் மட்டும்: கணவரை இழந்த முஸ்லிம் பெண் 4 மாதம் 10 நாள் இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருப்பார். சிகிச்சைக்கு வெளியே வருவது பற்றி குடும்பம் தாங்கள் நம்பும் மௌலவியைக் கேட்கட்டும், இல்லாவிட்டால் பெண் பணியாளர் ஒருவர் வீட்டுக்குப் போகலாம். பௌத்த வீட்டில் 7ஆம் நாள், 3 மாதம், ஒரு வருட தானங்கள் துக்கத்தின் மைல்கற்கள், அந்த நாட்களை ஒட்டி மனநிலை ஏறி இறங்கும். உபவாச ஜெபத்தில் சுகமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவரோடு வாதாடாமல் பாஸ்டரையும் சேர்த்துப் பேசினால் பலன் அதிகம்.

மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. நடைமுறையில் வார்டில் இருக்கும் சிற்றூழியரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் நடக்கிறது. வேறு வழி இல்லையென்றாலும் பிள்ளையைக் கொண்டு தாயின் கதையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கணவரை வைத்து மனைவியையும் கேட்காதீர்கள். மொழிபெயர்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சுருக்க வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம், அவர் சொன்னது குழப்பமாக இருந்தால் குழப்பமாகவே சொல்லுங்கள், வெளியே போய்ப் பேசக்கூடாது. நீங்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள்.

படி 11: மருந்தும் வேலையும்

மருந்து எழுதுவது வைத்தியரின் வேலை. ஆனால் அது அந்த வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். எழுந்ததும் தலைசுற்றல் தரும் மாத்திரை, செங்குத்தான மலையில் கூடையோடு நிற்கிறவருக்கு வழுக்கி விழும் ஆபத்து. இரவு பத்து மணிக்குக் குடித்த தூக்கம் வரும் மாத்திரை விடியற்காலையில் எழும்ப விடாது. இன்னும் நேரத்தோடு கொடுக்கலாமா என்று கேளுங்கள். குளோர்ப்ரொமசின் எடுப்பவருக்கு வெயில் பட்டால் தோல் எரியும். லித்தியம் எடுப்பவர் நீர் வற்றாமல் பார்க்க வேண்டும், நோன்பு பிடிக்க விரும்பினால் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் பேசி வைக்க வேண்டும். கிளினிக் கொப்பியை எங்கே வைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். மாமியார் பார்ப்பார் என்று கொப்பியை ஒளித்து, அதோடு மருந்தையும் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

படி 12: அனுப்புவதும் தொடர்வதும்

குடும்பநல மாது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, மாவட்ட வைத்தியசாலையின் மனநல வைத்திய நிபுணர், பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர்: இந்தச் சங்கிலியில் யார் எந்த நாள் இருப்பார், யார் தமிழ் பேசுவார் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். "நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினால் வாசலில் திரும்பிவிடுவார்கள். எந்த இலக்க அறை, எந்த வரிசை, யாரைக் கேட்பது என்பதைச் சொல்லுங்கள், முடிந்தால் முதல் தடவை கூடப் போங்கள்.

தொலைபேசியில் அழைக்குமுன் அது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கே ஒரு போன், அது மகன் கையில் என்றால் என்ன சொல்லி அழைப்பது என்பதை இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். இரண்டு சந்திப்பு தவறினால் கோப்பை மூடாமல் மாதுவிடம் "அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா சுகமான்னு கேளுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அரச உத்தியோகத்தில் இடமாற்றம் வரும். வருகிறது என்று தெரிந்ததும் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் இல்லாமல் இரண்டு மூன்று சந்திப்புக்கு முன்பே. புதிதாக வருகிறவரைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்துங்கள். அவரிடம் கொடுக்கும் குறிப்பில் நோயின் பெயரோடு, எந்த நாள் வர முடியும், எந்த இடத்தில் பேசுவார், எந்த இலக்கத்துக்கு எத்தனை மணிக்கு அழைக்கலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்ற நாலையும் எழுதிவிடுங்கள்.